செப்டிக் டேங்க்குக்குள் ஆள் இறங்கப் போகிறார்: பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன செய்யலாம்? (சென்னை அடுக்ககங்கள்)

வேளச்சேரி வாசி | சனி, காலை 7:40

கீழே டேங்க் மூடி திறந்து கிடக்கிறது. லாரி மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறார். இறங்கப் போகிறார் என்று பால்கனியில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், வாய்தான் வராது. இந்த இழை அந்த ஐந்து நிமிடத்துக்கானது. 'மனிதாபிமானமே இல்லை' வகைப் புலம்பலுக்கு இங்கே இடமில்லை. யாரிடம் பேசுவது, எந்த வார்த்தையில் பேசுவது, எந்த எண்ணுக்கு அடிப்பது, அடுத்த முறை அந்த நிலை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

நான் தொடங்குகிறேன்.

இறங்கப் போகிறவரிடம் போய் வாதாடாதீர்கள். அன்றைய கூலி அதில் இருக்கிறது, அவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. காசு கொடுக்கிறவரைத் தேடுங்கள்: அசோசியேஷன் செயலாளர், வீட்டு உரிமையாளர், மேஸ்திரி, யாரோ ஒருவர். அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவு போதும்: "சார், ஆள் உள்ளே இறங்கினால் வேலை கொடுத்தவர் மேல்தான் கேஸ் வரும், கையால் மலம் அள்ளத் தடை போட்ட 2013 சட்டம். மெஷின் எடுக்கிற வரைக்கும் எடுக்கட்டும். மிச்சம் அடியிலேயே கிடக்கட்டும்."

'பாவம் சார் அவர்' என்று ஆரம்பித்தால் 'அவங்களுக்கு இது பழக்கம்' என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'உங்கள் மேல் கேஸ்' என்றால் அவர் ஒரு நிமிடமாவது நிற்பார். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்.

இறங்கப் போகிறவரிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்: "அண்ணே, பேசின கூலி முழுசா வாங்கித் தர்றோம், இறங்காதீங்க." சொன்னால் வாங்கித் தர வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு அவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த தெருவில் வேறொரு டேங்க்கில் இறங்குவார். அதற்குத் துணை நின்றது என்று பெயரா?

கேட்கவில்லையென்றால் 14420. கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைப் பணிக்கென்றே உள்ள எண் இது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 044-4567 4567. ஆள் ஏற்கெனவே இறங்கிவிட்டார் என்றால் நேராக 112.

---

மொட்டைமாடி | சனி, காலை 8:15

எல்லாம் சரி. ஆனால் வாடகைக்கு இருப்பவர் செயலாளரிடம் போய் இப்படிப் பேசினால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். தைரியம் எங்கிருந்து வரும்?

---

வேளச்சேரி வாசி | சனி, காலை 8:52

நியாயமான கேள்வி. கூட்டமாக நிற்கும்போது ஏன் யாரும் அசைவதில்லை என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் லதானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் அறையில் ஆட்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லி, சுவர் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். மூன்று மூன்று பேராக உட்கார்ந்த குழுக்களில் 38 சதவீதத்தில்தான் யாராவது ஒருவர் சொன்னார். கூட இருந்த இருவரும் முன்பே சொல்லிவைத்தபடி கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். கோழைத்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. மற்றவன் சும்மா இருப்பதைப் பார்த்து 'ஒன்றுமில்லை போல' என்று நினைப்பதுதான்.

நம் பால்கனியும் அந்த அறைதான். அதனால் முதல் காரியம் கீழே இறங்கிப் போவது. நாலு மாடிக்கு மேலிருந்து கத்தினால் வேடிக்கை, பக்கத்தில் போய் நின்றால்தான் பேச்சு. இரண்டாவது, 'யாராவது போன் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "எஃப்-2 சார், நீங்க 14420 அடிங்க. ஜி-1 மேடம், லாரி நம்பரைக் குறிச்சுக்கோங்க" என்று ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். சுட்டிச் சொன்னால் ஆள் அசைவார்.

வாடகைதாரர் செயலாளரிடம் நேரடியாக மோதவே வேண்டாம். பக்கத்து வீட்டு உரிமையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவும் முடியாதென்றால் வீட்டுக்குள் இருந்தே 14420. உரக்கப் பேசினால்தான் தைரியம் என்று எந்தக் கணக்கும் கிடையாது.

---

பாதாளச் சாக்கடை | சனி, காலை 9:30

வாயு விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று தெரியாமல் பேசினால் 'அரை மணி நேரம் திறந்து வெச்சாச்சு சார், ஒண்ணும் ஆகாது' என்று மடக்கிவிடுவார்கள்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாடை. காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும், வாடை தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று சொல்வது பல நேரம் இதனால்தான். 500-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் தள்ளாடி விழுவார். 700 முதல் 1,000 வரை போனால் ஒன்றிரண்டு மூச்சில் சுருண்டுவிடுவார். கயிற்றை ஆட்டிச் சைகை காட்டக்கூட நேரம் இருக்காது.

மூடியைத் திறந்துவைத்தால் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாயு சேற்றுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. மேலே அமைதியாக இருக்கும்போது வாயு மீட்டரில் அளவு குறைவாகக்கூடக் காட்டும். ஆள் இறங்கிக் கரணையால் கிளறியதும் குபீரென்று கிளம்பும். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் வேலை பார்த்தார், பிறகு விழுந்துவிட்டார் என்பார்களே, அதன் காரணம் இதுதான்.

கூடவே மீத்தேன். அது 5 முதல் 15 சதவீதம் காற்றில் கலந்தால் ஒரு பொறி போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவது எல்லாம் வெடிவைப்பதற்குச் சமம். அப்புறம் ஆக்சிஜன்: வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே அபாய எல்லை.

முகத்தில் துண்டு, கொரோனா காலத்து என்-95 மாஸ்க், மேஸ்திரி பெருமையாகக் காட்டும் கையுறை, எதுவும் வாயுவை நிறுத்தாது. துகளை வடிகட்டுவது வேறு, வாயுவைத் தடுப்பது வேறு.

---

குரோம்பேட்டை கிச்சா | சனி, காலை 10:05

பேச நல்லாத்தான் இருக்கு. நடைமுறை என்ன? லாரிக்காரர் மேலாக உறிஞ்சிட்டு 'அடியில கெட்டியா இருக்கு, ஆள் இறக்கினாத்தான் வரும்'னு சொல்வார். செயலாளர் 'காசு கொடுக்கறோம், சுத்தமா எடுங்க'ம்பார். நீங்க குறுக்கே நின்னா அரை டேங்க்கோட லாரி போயிடும். அடுத்த வாரம் கழிப்பறை எதிர்த்துக்கிட்டு வந்தா எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க.

---

லாரி தம்பி | சனி, காலை 11:20

கிச்சா சார் சொல்றது பாதி கரெக்ட்டு. மொத்தப் பிரச்சனையும் அந்தக் கடைசி ஒரு அடியிலதான் இருக்கு. மேல மிதக்கற ஏடும், நடுவுல தண்ணியும் ஹோஸ்ல ஈஸியா ஏறிடும். அடியில மணலு, துணி, நாப்கின், கெட்டிச் சேறு. அது ஏறாது. ஏறாதுன்னா ஏறவே ஏறாதுன்னு இல்ல, கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் கொடுக்க யாரும் தயாரா இல்ல. ஆள இறக்கினா அரை மணில முடியும்.

செய்ய வேண்டியது இதுதான்:

தண்ணிய முழுசா உறிஞ்சிடக் கூடாது. ரெண்டடி போல விட்டுட்டு, லாரில இருக்கற வால்வத் திருப்பினா ஹோஸ் உறிஞ்சறதுக்குப் பதிலா வெளிய தள்ளும். அத வெச்சே அடில அடிச்சுக் கலக்கணும். கூட மேல்டேங்க் தண்ணிய ஒரு ஹோஸ்ல விட்டுக்கலாம். பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டுட்டுத் திரும்ப உறிஞ்சணும். இத ரெண்டு மூணு தடவ பண்ணா முக்கால்வாசி கெட்டி வந்துடும். நீட்டு மூங்கில், இல்ல இரும்புக் கம்பில டி மாதிரி பலகை அடிச்சு மேல நின்னே கலக்கலாம். ஆள் மூடிப் பக்கம் குனியக் கூடாது, காத்து வர்ற பக்கமா நிக்கணும். பீடி கிட்டயே வரக் கூடாது.

ரெண்டு அறை இருக்கற டேங்க்ல ஒரு மூடியத்தான் திறப்பாங்க. இன்னொண்ணு டைல்ஸ் போட்டு மூடியிருக்கும், இல்ல மேல கார் நிக்கும். அதான் ஆள் உள்ள பூந்து குறுக்குச் சுவத்தத் தாண்டிப் போறது. ரெண்டு மூடியும் முன்னாடியே திறக்கற மாதிரி இருந்துச்சுன்னா பாதி பிரச்சனை தீர்ந்துது.

---

பாதாளச் சாக்கடை | சனி, மதியம் 12:10

தம்பி சொன்ன கடைசி ஒரு அடிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். செயலாளர்களுக்குக் கணக்குதான் பிடிக்கும்.

10 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 360 கன அடி, சுமார் 10,200 லிட்டர். அடியில் அரை அடி சேற்றை விட்டுவிட்டால் 850 லிட்டர், பன்னிரண்டில் ஒரு பங்கு. அது அங்கேயே கிடப்பதால் எந்தக் கேடும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் இருப்பது நல்லது, மலத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. தோசை மாவில் பழைய மாவு கொஞ்சம் விடுவது போல. டேங்க்கை வழித்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கச் சொல்பவருக்கு செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

கெட்டிப்படுவதற்கு மூல காரணம் தாமதம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டியதை, நிரம்பி வழிந்து தரைத்தளக் கழிப்பறை எதிர்க்கும் வரை எட்டுப் பத்து ஆண்டு விடுகிறோம். அதற்குள் அடி களிமண் ஆகிவிடும். நீண்ட கம்பில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து எடுத்தால் கறுப்பாகப் படிந்த உயரம் தெரியும். அது டேங்க் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரியைக் கூப்பிடுங்கள். இதையும் மேலே நின்றபடியே செய்ய வேண்டும்.

பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் பெரிய அடுக்ககங்களில் இருக்கும் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளுக்கும் இதே கதைதான். அங்கே ஆழம் இன்னும் அதிகம், பல இடங்களில் அடித்தளத்தில் இருக்கும், காற்றோட்டம் மோசம். மோட்டாரில் துணி சிக்கிக்கொண்டது என்று பம்ப் ஆபரேட்டரே இறங்கிவிடுவார். மோட்டாரைச் சங்கிலியோடு மேலே தூக்குகிற மாதிரி வைத்துவிட்டால் இறங்கவே தேவையில்லை.

---

கறுப்பு கவுன் | சனி, பிற்பகல் 3:00

சட்டப் பகுதி. பலர் இதைத் தப்பாகவே சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம். பிரிவு 7: எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ அபாயகரமான சுத்திகரிப்புக்கு அமர்த்தக் கூடாது. 'நாங்கள் லாரிக்காரரிடம் பேசினோம், ஆள் அவருடையது' என்று அசோசியேஷன் தப்பிக்கப் பார்ப்பதற்கான பதில் அந்த 'மறைமுகமாகவோ' என்ற சொல்லில் இருக்கிறது. பிரிவு 9: முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை, 5 லட்சம் வரை. பிரிவு 22-இன்படி பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். விபத்து நடக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆளை இறக்கினாலே குற்றம்.

இதில் ஒரு நுணுக்கம். 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்பதற்குச் சட்டம் தரும் பொருள், பாதுகாப்புச் சாதனம் கொடுக்காமலும் விதிகளின்படியான முன்னெச்சரிக்கை எடுக்காமலும் இறக்குவது. அதனால்தான் மேஸ்திரி கையுறையைத் தூக்கிக் காட்டுகிறார். விதிகளில் உள்ள பட்டியல் நீளமானது: நான்கு வாயுவை அளக்கும் கருவி, மேலிருந்து காற்று வரும் சுவாசக் கருவி, முக்காலி, இடுப்பு வார், காற்று ஊதி. அதோடு உள்ளாட்சியின் தலைமை அதிகாரி எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். 'அந்த அனுமதிக் கடிதம் எங்கே?' என்று மட்டும் கேளுங்கள். எந்த அடுக்ககத்திலும் அது இருக்காது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பிரிவு 10: குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது.

இறக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் (பெரும்பாலும் அப்படித்தான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை) வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(j)-ஐயும் பார்க்க வேண்டும். கையால் மலம் அள்ள வைப்பதை 2015 திருத்தம் அதில் சேர்த்தது.

இறப்பு நேர்ந்தால்: 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். குடும்பத்தாரைத் தனியாக அழைத்து 'ஒரு லட்சம் வாங்கிக்கோங்க, கேஸ் வேண்டாம்' என்று பேரம் பேச வருவார்கள். அப்போது பக்கத்தில் நின்று அந்த 30 லட்சத்தை மட்டும் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் 'சந்தேக மரணம்' என்று மட்டும் பதிவாகும். புகாரிலேயே 2013 சட்டத்தின் பிரிவுகள் 7, 9 ஆகியவற்றையும், பாரதிய நியாய சன்ஹிதா 106-ஐயும் (கவனக்குறைவால் மரணம்) எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். புகாரை வாங்க மறுத்தால் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால், அதன் பிறகு குற்றவியல் நடுவர். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அடித்தால் இலவச சட்ட உதவி மையம்.

---

நெறியாளர் | சனி, மாலை 4:25

ஓர் உறுப்பினர் இணைத்திருந்த படத்தை நீக்கியிருக்கிறோம். தொழிலாளியின் முகம் தெரிந்தது. படம் எடுப்பதென்றால் லாரி எண், கட்டடப் பெயர்ப்பலகை, திறந்த மூடி, நேரம் இவை போதும். முகம் வெளியே போனால் அவருக்கு வேலையும் போகும், ஊரில் பேச்சும் ஆகும்.

---

மொட்டைமாடி | சனி, மாலை 5:10

ஆள் ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டால்? கை கொடுத்துத் தூக்கலாமா?

---

பாதாளச் சாக்கடை | சனி, மாலை 5:18

கூடாது. கூடவே கூடாது. செய்தித்தாளில் 'இருவர் பலி', 'மூவர் பலி' என்று வருவது எப்படி என்று நினைக்கிறீர்கள்? முதல் ஆள் விழுகிறார், அண்ணன் குதிக்கிறார், பிறகு லாரி டிரைவர் குதிக்கிறார். அத்தனை பேரும் அதே இரண்டு மூச்சில் போகிறார்கள். அங்கே தைரியம் என்பது குதிக்கப் போகிறவரைக் கட்டிப் பிடித்து நிறுத்துவது.

101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்து 112. சொல்ல வேண்டியது: 'செப்டிக் டேங்க் வாயு, உள்ளே இத்தனை பேர், மயக்கம்.' சுவாசக் கருவியோடு வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். நம் நகர்களில் மூன்றாவது குறுக்குத் தெருவைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும்.

அதுவரை: இடுப்பில் கயிறு இருந்தால் மேலே நின்று இழுக்கலாம். நினைவு இருந்தால் கயிறு போடலாம். மற்ற மூடிகளையும் திறங்கள். மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சுவிட்சுப் பொறி மீத்தேனுக்குப் போதும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடுவது அதைவிட ஆபத்து. வெளியே எடுத்தவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், அவர் மூச்சிலும் உடையிலும் வாயு இருக்கும். உடையைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்துவது மட்டும்.

கூடுதலாக ஒன்று: செப்டிக் டேங்க் மட்டுமில்லை. புதுக்கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குகிறார்களே, வாரக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் இருக்காது. வாடையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். மழைநீர் வடிகாலும் அப்படித்தான். கழிவுநீரைத் திருட்டுத்தனமாக அதில் இணைத்திருக்கும் தெருக்களில் அது பெயரளவில்தான் மழைநீர்.

---

குரோம்பேட்டை கிச்சா | சனி, இரவு 8:40

சரி, ஒத்துக்கறேன். ஆனா லாரி வந்து நின்னப்புறம் சண்டை போடறது வேலைக்காகாது. பொதுக்குழுவுல எப்படி நிறைவேத்தறது?

---

வேளச்சேரி வாசி | சனி, இரவு 9:35

அதுதான் உண்மையான வேலை. கூட்டத்துக்கு முன்பே மூன்று வீட்டாரிடம் பேசி வையுங்கள். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, ஒருவர் 'செலவு எவ்வளவு' என்று கேட்க. செலவுக் கேள்வி எப்படியும் வரும், நம் ஆளே கேட்டால் பதில் தயாராக இருக்கும். சேற்றைக் கலக்கி எடுக்க லாரி கூடுதலாக ஒரு நடை வர வேண்டியிருக்கும். அந்தத் தொகையை 24 வீட்டுக்கு வகுத்து, இரண்டு ஆண்டுக்குப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு என்று பார்த்தால் வாதம் அடங்கிவிடும்.

தீர்மானத்தில் நான்கு வரி போதும்: 'எக்காரணத்தாலும் ஆள் இறங்குவதில்லை. உரிமம் பெற்ற லாரியை மட்டும் அழைப்பது, உரிம நகல் கோப்பில் வைப்பது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நிரம்பும் வரை காத்திராமல். வேலை நடக்கும்போது நிர்வாகக் குழுவில் ஒருவர் நேரில் நிற்பது.' குறிப்பேட்டில் ஏறிய பிறகு செயலாளர் மாறினாலும் அது நிற்கும். தமிழ்நாட்டில் 2022 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு கழிவுநீர் லாரிக்கு உரிமம் கட்டாயம், அதனால் உரிமத்தைக் கேட்பது உங்கள் பிடிவாதம் ஆகாது.

லாரிக்காரரிடம் விலை பேசும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள்: 'ஆள் இறக்கக் கூடாது. அடியில் அரை அடி இருந்தாலும் முழுப் பணம் தருவோம்.' இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் வாக்கியம் வீண்.

---

லாரி தம்பி | சனி, இரவு 10:02

அந்த ரெண்டாவது வரி மேல ஒரு ஓ போடுங்க ணா. முழுப் பணம்னு சொன்னா எவனும் ஆள இறக்க மாட்டான். எங்களுக்கு மட்டும் ஆசையா?

---

மொட்டைமாடி | ஞாயிறு, காலை 7:05

ஒரு சேர்க்கை. நிறைய இடத்தில் செயலாளருக்கே தெரியாமல் வாட்ச்மேன்தான் யாரையோ கூப்பிட்டு வேலையை முடித்துவிடுகிறார். காவலாளி அறையில் ஒட்ட ஒரு தாள்: 'டேங்க் மூடியைத் திறக்கும் முன் நிர்வாகக் குழுவுக்கு போன் செய்யவும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் 112. இறங்கும் முன் தடுக்க 14420.' பெரிய எழுத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு. மூடி மேலேயும் பெயிண்டில் 'இறங்காதே' என்று எழுதிவிடலாம்.

---

குரோம்பேட்டை கிச்சா | ஞாயிறு, காலை 7:30

இந்தியிலும் போடுங்க. பாதி இடத்துல வாட்ச்மேனும் ஒடிசா, பிகார், இறங்கறவரும் அந்தப் பக்கம்தான். தமிழ்ல மட்டும் ஒட்டினா சுவத்துக்குத்தான் புரியும்.